கோடை முகாமில் கழிவறை கட்ட காசு எங்கிருந்து வரும்? கைப்பிடி அரிசி முதல் டெல்லி பேங்க் கணக்கு வரை

வெம்பாக்கம்,

மே மாசம் வந்தாலே வெம்பாக்கம், செய்யாறு, ஆரணி பக்கம் வெயில் மண்டையைப் பிளக்கும். அக்னி நட்சத்திரத்தில் 104 டிகிரியை தொட்டாலும் இங்கே யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பள்ளிக்கூடம் லீவு. தறி வீட்டுப் பிள்ளைகளும், கூலி வீட்டுப் பிள்ளைகளும் தெருவிலும் ஏரிக்கரையிலும் சுற்றுகின்றன. இந்த நேரத்தில்தான் கிறிஸ்தவ சபைகள் பிள்ளைகளுக்கு கோடை முகாம் நடத்துகின்றன. பாட்டு, விளையாட்டு, வேதாகம கதை, மூன்று வேளை சாப்பாடு. பிள்ளைகளுக்கு கொண்டாட்டம்தான்.

ஆனால் முகாம் நடக்கும் இடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்த தாய், அடுத்த ஆண்டு வயதுக்கு வந்த மகளை அனுப்புவதற்கு யோசிக்கிறார். காரணம் பாட்டும் இல்லை, கதையும் இல்லை. கழிவறை.

60 பிள்ளைகளுக்கு ஒரே கழிவறை, அதற்கும் தாழ்ப்பாள் கிடையாது, தண்ணீரை குடத்தில் தூக்கி வரவேண்டும் என்றால் எந்த அம்மா அனுப்புவார்? எனவே கிராமத்து சபைகளில் முகாம் பற்றி பேச்சு எடுத்தாலே, "இந்த வருஷமாவது பாத்ரூம் கட்டணும், தண்ணி டேங்க் வைக்கணும், ஷெட்டு போடணும்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு பணம்? அது எப்படி திரட்டப்படுகிறது, சட்டம் என்ன சொல்கிறது, கொடுப்பவர் எதை கேட்டு வாங்க வேண்டும் என்ற விவரம் வருமாறு:-

சாராயக் கடையில் தொடங்கிய பள்ளி

முதலில் ஒரு விஷயத்தை பிரித்துப் பார்க்க வேண்டும். வி.பி.எஸ். என்று ஊரில் சொல்லும் விடுமுறை வேதாகமப் பள்ளி வேறு, முகாம் வேறு. வி.பி.எஸ். பகலில் நடக்கும். பிள்ளைகள் காலையில் வந்து மதியம் வீட்டுக்கு போய்விடும். முகாம் என்றால் ராத்திரி தங்கல் உண்டு. பெற்றோருக்கு கவலையும், சபைக்கு செலவும் வருவது இந்த ராத்திரி தங்கலால்தான்.

வி.பி.எஸ். வந்த கதை சுவாரஸ்யமானது. 1898-ல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் எலைசா ஹாஸ் என்ற பெண், கோடை விடுமுறையில் தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளை சேர்த்து பாடம் நடத்த இடம் தேடினார். கிடைத்தது ஒரு பீர் கடை. அதை பகலில் வாடகைக்கு எடுத்து நடத்தினார். 1901-ல் ராபர்ட் போவில் என்ற போதகர் அதை பல இடங்களுக்கு கொண்டு போனார். ஆக, இடமும் வசதியும் இல்லாத பிரச்சினை இன்று நேற்று வந்ததல்ல.

முகாமுக்கு அதைவிட வயது அதிகம். 1885-ல் சம்னர் டட்லி என்பவர் 7 சிறுவர்களை நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஆரஞ்சு ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று தங்க வைத்தார். ஒய்.எம்.சி.ஏ. முகாம்களுக்கு அதுவே முன்னோடி. அவர் பெயரில் அந்த முகாம் இன்றும் நடக்கிறது.

நம்ம பக்கத்தில் முகாம் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது ஏலகிரி மலை. திருப்பத்தூர் மாவட்டத்தில் 14 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால், அங்கே சென்னை ஒய்.எம்.சி.ஏ.வின் முகாம் மையம் இருக்கிறது. வெயிலுக்கு இதமான இடம். ஆனால் வேன் வாடகை கொடுத்து, தங்கும் கட்டணமும் கட்டி 60 பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக கிராமத்து சபையால் முடியுமா? முடியாது என்பதால்தான் மிஷன் பள்ளிக்கூட வராந்தாவிலும், மாந்தோப்பிலும், கோவில் வளாகத்திலும் முகாம் நடக்கிறது.

துணிக்கடைக்காரர் கொடுத்த பணம்

நெசவு செய்யும் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு தகவல். 1844-ல் லண்டனில் ஒய்.எம்.சி.ஏ.வை ஆரம்பித்த ஜார்ஜ் வில்லியம்ஸ் பெரிய பணக்காரர் இல்லை. துணிக்கடையில் வேலை பார்த்தவர். கூட வேலை பார்த்த பையன்களுக்கு வேலை முடிந்ததும் போக நல்ல இடம் இல்லையே என்றுதான் ஆரம்பித்தார்.

சென்னையில் 1890-ல் டேவிட் மெக்கானகி என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ.வை தொடங்கினார். பாரிமுனையில் ஐகோர்ட்டு எதிரே நிற்கும் அந்த சிவப்பு கட்டிடத்தை கட்ட பணம் தந்தவர் ஜான் வனமேக்கர். அவரும் ஜவுளிக்காரர்தான். பிலடெல்பியா நகரில் துணிக்கடையில் தொடங்கி பெரிய வியாபாரி ஆனவர், அமெரிக்க தபால் துறைக்கு மந்திரியாகவும் இருந்தவர்.

இன்னொரு கதை இன்னும் பக்கத்தில் நடந்தது. ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர், டாக்டருக்கு படித்து முடித்து வேலூருக்கு கிளம்பும் முன்பு பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்ட பணம் திரட்ட அமெரிக்காவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். அவருக்கு சொல்லப்பட்ட இலக்கு 8 ஆயிரம் டாலர். ஒரு வீட்டில் அவர் பேசியதை பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார் ஷெல் என்ற முதியவர். மறுநாள் கூப்பிட்டு விசாரித்தார். இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10 ஆயிரம் டாலர் கொடுத்தார். 1902-ல் வேலூரில் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி 40 படுக்கையுடன் திறக்கப்பட்டது. இன்றைய சி.எம்.சி. வளர்ந்தது அதில் இருந்துதான்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஐடா "ஊழியத்துக்கு உதவுங்கள்" என்று பொதுவாக கேட்கவில்லை. என்ன கட்டிடம், யாருக்கு, எவ்வளவு என்று கேட்டார். இன்றைக்கும் "முகாம் வளர்ச்சி நிதி" என்று நோட்டீசு அடித்தால் 50 ரூபாய் விழும் இடத்தில், "பெண் பிள்ளைகளுக்கு 2 கழிவறை, செலவு இவ்வளவு, இதுவரை வந்தது இவ்வளவு" என்று போர்டில் எழுதி வைத்தால் 500 விழும் என்பது காணிக்கை எண்ணிப் பார்த்தவர்களுக்கு தெரிந்ததே.

கைப்பிடி அரிசி கணக்கு

அமெரிக்கா கதை இருக்கட்டும். நம்ம ஊர் சபைகளில் பணம் எப்படி சேருகிறது?

பழைய வழி, கைப்பிடி அரிசி. சோறு வடிக்க அரிசி அளக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு கைப்பிடியை எடுத்து தனிப்பானையில் போடுவார்கள். வாரத்துக்கோ மாசத்துக்கோ ஒருமுறை கோவிலுக்கு கொண்டு வருவார்கள். கையில் காசு இல்லாத வீடும் கொடுக்க முடிகிற காணிக்கை இது. மிசோரம் மாநிலத்தில் 1910-ல் தொடங்கிய இதே வழக்கம், இன்று அங்குள்ள திருச்சபைக்கு ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் பணம் சேர்த்துக் கொடுக்கிறது.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு கைப்பிடி சுமார் 50 கிராம். தினம் 2 வேளைக்கு 100 கிராம். மாசம் 3 கிலோ. 50 குடும்பம் உள்ள சபை என்றால் மாசம் 150 கிலோ. கிலோ 30 ரூபாய் என்று வைத்தாலும் மாசம் 4,500 ரூபாய், வருஷத்துக்கு 54 ஆயிரம். சின்ன தொகை இல்லை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் 2011-ல் இருந்து ரேஷன் அரிசி இலவசம். பல வீட்டில் பானையில் விழுவது ரேஷன் அரிசிதான். ரேஷன் அரிசியை வெளியில் விற்பது குற்றம். நல்ல காரியத்துக்குத்தானே என்று மூட்டை கட்டி கடையில் போட்டால், வண்டியோடு பிடித்துவிடுவார்கள். அதனால் அந்த அரிசியை விற்காமல் முகாம் சமையலுக்கே உலையில் போடுவதுதான் சரி. சாப்பாட்டுக்கு ஒதுக்கிய காசு மிச்சமாகும். அந்த மிச்சத்தில் சிமெண்டு வாங்கலாம்.

இரண்டாவது வழி, அறுப்பு பண்டிகை ஏலம். இதைப் பார்க்காதவர்கள் ஒருமுறையாவது போய் பார்க்க வேண்டும். பூசணிக்காய், வாழைத்தார், சேவல், வீட்டில் சுட்ட முறுக்கு, ஒரு படி வேர்க்கடலை என்று ஆளுக்கொன்று கொண்டு வந்து வைப்பார்கள். நெசவாளி வீட்டில் இருந்து துண்டோ சேலையோ வரும். ஏலம் கூறுபவர் வாய்ச்சாலகக்காரராக இருந்துவிட்டால் 40 ரூபாய் பூசணிக்காய் 2 ஆயிரத்துக்கு போகும். எடுத்தவர் அதை திருப்பி காணிக்கையாகவே வைத்துவிடுவார். மறுபடியும் ஏலம். மச்சானுக்கும் மாமனுக்கும் போட்டி வந்துவிட்டால் ஒரே சேவல் நாலு முறை விலை போகும். சபைக்கு நல்ல வசூல். வீட்டுக்குப் போனதும் அவரவர் மனைவியிடம் வாங்குவது தனிக்கதை.

இது தவிர பிறந்தநாள் காணிக்கை, கவர் கொடுத்து வாங்குவது, பெண்கள் ஐக்கியம் இட்லி-வடை விற்பது என்று பல வழிகள். சிலர் பணத்துக்கு பதில் பொருளாக கொடுப்பார்கள். ஒருவர் 2 மூட்டை சிமெண்டு, ஒருவர் ஒரு லோடு மணல். கொத்தனார் ஒருவர் ஞாயிறு தவிர ஒரு நாள் கூலி இல்லாமல் வேலை. உழைப்பாளி மக்கள் உள்ள ஊரில் இதுவே பெரிய பணம்.

செய்யக்கூடாதது ஒன்று: பரிசுக் குலுக்கல். டிக்கெட் அடித்து விற்று, முதல் பரிசு மிக்சி, இரண்டாம் பரிசு குக்கர் என்று நடத்தும் ஆசை சில இளைஞர்களுக்கு வரும். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் இருந்து லாட்டரி விற்பனைக்கு தடை உள்ளது. காசு வாங்கி சீட்டு விற்று குலுக்கினால் கோவில் விஷயம் என்று போலீசார் விட்டுவிட மாட்டார்கள்.

துபாய் பணம், அமெரிக்க பணம்

ஆரணி, செய்யாறு பக்கத்தில் இருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்கு போனவர்கள் ஏராளம். "அண்ணன் துபாயில இருந்து 10 ஆயிரம் அனுப்புறேன்னு சொல்றாரு, வாங்கலாமா?" என்ற கேள்வி வராத சபையே இல்லை.

வாங்கலாம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர், தன் சொந்த சம்பாத்தியத்தில் இருந்து பேங்க் மூலம் அனுப்பும் பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அதே அண்ணன் அமெரிக்காவில் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் கதையே வேறு. அவர் பிறந்தது வெம்பாக்கமாக இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அவர் வெளிநாட்டவர். ஊருக்கு வந்து ரூபாய் நோட்டாகவே உண்டியலுக்கு என்று கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான்.

அதை வாங்க எப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறை சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். பதிவு கேட்க அமைப்பு தொடங்கி 3 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அந்த 3 ஆண்டில் 15 லட்சம் ரூபாயாவது தன் நோக்கத்துக்கு செலவழித்திருக்க வேண்டும். ஒரு கிராமத்து சபை தனியாக இதற்கு எங்கே போகும்? பதிவு பெற்ற அமைப்புக்கும், பணம் எந்த ஊரில் செலவானாலும், முதலில் வந்து விழ வேண்டியது டெல்லியில் உள்ள ஸ்டேட் பேங்க் முதன்மை கிளையில் திறந்த கணக்கில் மட்டுமே. 2020-ல் திருத்தப்பட்ட சட்டம் இது. அதே திருத்தத்தின்படி, பதிவு பெற்ற பெரிய அமைப்பு தனக்கு வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்கு பிரித்துக் கொடுக்கவும் முடியாது. முன்பெல்லாம் பெரிய அமைப்பில் இருந்து சின்ன அமைப்புக்கு பணம் இறங்கி வரும். அந்த வழி அடைபட்டதால்தான் கைப்பிடி அரிசிக்கும் பூசணிக்காய் ஏலத்துக்கும் மறுபடி மவுசு வந்திருக்கிறது என்று சொன்னால் தப்பில்லை.

வருமான வரி விலக்கு பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 80-ஜி என்று பல ஆண்டுகளாக சொல்லப்பட்டு வந்த சலுகை, ஒரு குறிப்பிட்ட மதத்தினருக்கு மட்டும் என்று நடத்தப்படும் அமைப்புக்கு பொதுவாக கிடைக்காது. கிடைக்கும் அமைப்புக்கு கொடுத்தாலும் 2 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாக கொடுத்தால் விலக்கு இல்லை. "80-ஜி உண்டு" என்று யாராவது நோட்டீசில் போட்டிருந்தால் பதிவு எண்ணை கேட்டு வாங்குவது நல்லது.

வந்த பணத்தில் முதலில் எது?

இங்கேதான் பல இடங்களில் தப்பு நடக்கிறது. பணம் கொஞ்சம் சேர்ந்ததும் மேடை, மைக் செட்டு, வாசலில் ஆர்ச்சு என்று போய்விடுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும், கொடுத்தவர் பெயரை பொறிக்கலாம். கழிவறை சுவரில் தன் பெயர் இருக்க யாருக்கும் ஆசை வருவதில்லை. மைக் செட்டுக்கும் ராத்திரி 10 மணிக்கு மேல் அனுமதி கிடையாது.

நிவாரண முகாம்களுக்கு உலக அளவில் வகுத்த குறைந்தபட்ச அளவு ஒன்று இருக்கிறது. தங்கும் இடத்தில் 20 பேருக்கு ஒரு கழிவறை. ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர். 60 பிள்ளைகள் என்றால் 3 கழிவறை, 900 லிட்டர் தண்ணீர். வெள்ளத்தில் வீடு இழந்தவர்களுக்கே இவ்வளவு என்றால், காசு வாங்கி நடத்தும் முகாமுக்கு அதைவிட குறையலாமா? நம்ம மே மாச வெயிலுக்கு 1,000 லிட்டர் டேங்கை தினம் இரண்டு முறை நிரப்பினால்தான் குளிக்க, சமைக்க, கழுவ கட்டுப்படியாகும். மூன்று கழிவறையில் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு, தனி வழியோடு, உள்தாழ்ப்பாளோடு, விளக்கோடு இருக்க வேண்டும். ராத்திரி இருட்டில் பயந்துகொண்டு தண்ணீரே குடிக்காமல் படுக்கும் பிள்ளைகள் உண்டு. இந்த வெயிலில் அது ஆபத்து.

சாக்கடை வசதி இல்லாத ஊரில் இரட்டைக்குழி கழிவறை போதும். ஒரு குழி நிறைந்தால் மறு குழிக்கு மாற்றிவிடலாம். நிறைந்த குழி காய்ந்து மக்கி உரமாகிவிடும். முகாம் வருஷத்துக்கு சில நாள்தான் என்பதால் சீக்கிரம் நிறையாது. குழியை கிணற்றில் இருந்து 10, 15 மீட்டராவது தள்ளித் தோண்ட வேண்டும். தனிவீட்டு கழிவறைக்கு அரசு கொடுத்துவந்த 12 ஆயிரம் ரூபாயை முகாமுக்கு கேட்டுப் பார்த்தவர்களும் உண்டு. அது வீடுகளுக்கான திட்டம். இதற்கு வராது.

கிணறு என்றதும் அடுத்த விஷயம். "கிணற்றில் குளிக்கச் சென்ற சிறுவன் பலி" என்ற செய்தி இல்லாமல் ஒரு கோடையும் போவதில்லை. தோப்பில் முகாம் நடத்தினால் பக்கத்தில் தரைமட்ட கிணறு இருக்கும். மேடை போடும் காசில் அந்த கிணற்றுக்கு இரும்பு கிரில் மூடி போட்டுவிடலாம்.

கூரை பற்றியும் சொல்ல வேண்டும். 2004-ம் ஆண்டு ஜூலை 16-ந்தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூட சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக்கூரைக்கு பரவி 94 பிள்ளைகள் கருகி இறந்தனர். அதன்பிறகு பள்ளிகளில் கீற்றுக்கூரை அகற்றப்பட்டது. ஆனால் கோடை முகாம் என்றால் இன்றும் கீற்றுப்பந்தல், அதற்கு பக்கத்திலேயே விறகு அடுப்பு என்ற நிலை பல இடங்களில் பார்க்கலாம். கீற்று குளிர்ச்சிதான். பந்தலை பகலில் உட்கார வைத்துக்கொண்டு, பிள்ளைகள் ராத்திரி படுப்பது மட்டும் சிமெண்டு கட்டிடத்தில், இரண்டு பக்கமும் வாசல் உள்ள அறையில் என்று வைத்துக்கொள்ளலாம். அடுப்பு காற்றுக்கு எதிர்ப்பக்கம், தள்ளி இருக்க வேண்டும்.

தறி வீட்டின் கணக்கு வேறு

சபை எவ்வளவு வசதி செய்தாலும் தறி வீட்டில் இன்னொரு கணக்கு இருக்கிறது. வெளியாட்களுக்கு இது தெரியாது. லீவில் பிள்ளை வீட்டில் இருந்தால் தார் சுற்றிக் கொடுக்கும். கோர்வை சேலை நெய்தால் கரைப்பக்கம் நாடா தள்ள இன்னொரு ஆள் தேவை. 5 நாள் முகாமுக்கு பிள்ளை போனால், அந்த 5 நாளும் அப்பா கூலி கொடுத்து ஆள் வைக்க வேண்டும், அல்லது சேலை தள்ளிப்போகும். முகாம் கட்டணம் 200 ரூபாய்தானே என்று சபையில் சொல்வார்கள். வீட்டுக்கு ஆகும் நிஜ செலவு அதற்கு மேல்.

பட்டுத்தறியில் குழந்தைகள் வேலை பார்ப்பது பற்றி 2003-ல் சர்வதேச மனித உரிமை அமைப்பு ஒன்று காஞ்சிபுரத்தையும் குறிப்பிட்டு அறிக்கை வெளியிட்டது. 2016-ல் திருத்தப்பட்ட சட்டப்படி 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது. சொந்த வீட்டுத் தொழிலில் பள்ளி நேரம் போக, லீவு நாளில் உதவி செய்வதை சட்டம் விட்டுவைத்திருக்கிறது. அந்த லீவும் தறியிலேயே போய்விட்டால் பிள்ளைக்கு லீவு எது? இதனால்தான் திரட்டும் நிதியில் ஒரு பங்கை கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று பேச்சு வருகிறது. ஒதுக்கினால் ஷெட்டு தாமதமாகும். இரண்டில் எது முதலில் என்பதை அந்தந்த சபைக்கமிட்டிதான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கமிட்டியில் தறி வீட்டுப் பெண் ஒருவர் இருந்தால் முடிவு வேறு மாதிரி வரும்.

கொடுப்பவரும் அனுப்புபவரும் கேட்க வேண்டியது

10 ரூபாய் கொடுத்தாலும் நம்பர் போட்ட ரசீது வாங்க வேண்டும். பணம் தனியாள் பெயரில் உள்ள கணக்குக்கோ, தனியாள் செல்போன் நம்பருக்கோ போகக்கூடாது. சபை பெயரில், இரண்டு பேர் கையெழுத்து போட்டால்தான் எடுக்க முடியும் என்ற கணக்காக இருக்க வேண்டும். வரவு செலவை கோவில் வாசலில் ஒட்டச் சொல்லலாம். கேட்டால் கோபப்படுபவரிடம் அடுத்த முறை கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

பிள்ளையை அனுப்புபவர்கள், பெண் பிள்ளைகளோடு ராத்திரி தங்கும் பெண் பொறுப்பாளர் யார் என்று பெயர் கேட்டு தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற மதத்துப் பிள்ளைகளும் கூட்டாளிகளோடு சேர்ந்து வருவதுண்டு. அவர்கள் வீட்டில் என்ன நிகழ்ச்சி என்று முழுசாக சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டால் பின்னால் வம்பு இல்லை. பிள்ளைக்கு ஏதாவது தொந்தரவு என்றால் 1098 என்ற இலவச எண்ணுக்கு எந்த நேரத்திலும் போன் செய்யலாம். அந்த எண்ணை முகாம் சுவரிலேயே பெரிதாக எழுதி வைக்க பெயிண்டு செலவு ஒன்றும் பெரிதில்லை.

கட்டுமானத்துக்கும் காலம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழி தோண்டினால் தண்ணீர் ஊறி சரிந்துவிடும். தை பிறந்த பிறகு தோண்டி, மாசியில் சுவர் வைத்து, பூசி, தண்ணீர் ஊற்றி ஆறவிட்டால் பங்குனி ஆகிவிடும். ஊராட்சியில் அனுமதி வாங்கவும் நாள் பிடிக்கும். ஏப்ரலில் நோட்டீசு அடித்து மே மாசத்துக்குள் கட்டிவிடலாம் என்று கிளம்பும் சபைகளில் பிள்ளைகள் அந்த வருஷமும் குடத்தோடுதான் நிற்கின்றன.